பங்குனி ஒன்றில் வைத்த வளையல்: ஒரு நாள் பிழையைத் தேடிப் பிடித்த கதை

2024 ஆகஸ்ட் 29, வியாழக்கிழமை. மதியச் சாப்பாட்டில் கை வைத்த நேரத்தில் மாமாவிடமிருந்து போன்.

"மாப்பிள்ளை, உன் கம்ப்யூட்டர் ஆறு மாத வட்டி கேட்கிறது. எதிரே நிற்கிற அம்மா ஐந்தரை மாதம் என்கிறார். என் பேரேடும் ஐந்தரை என்றுதான் சொல்கிறது. நான் யாரை நம்புவது?"

மாமா நகை அடகுக் கடை வைத்திருக்கிறார். 2023 பிப்ரவரியில் அந்தக் கடைக்கு நான் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். திரையில் தெரியும் முன்பக்கம் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் மொழி, பின்பக்கம் பைத்தான் மொழி, தரவு மைஎஸ்க்யூஎல் தரவுதளத்தில். எல்லாமே கடை மேசையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் ஓடுகின்றன. மாமா அதை முழுக்க நம்பியதே இல்லை. அதனால் சிவப்பு அட்டைப் பேரேட்டிலும் இணையாக எழுதி வந்தார். அன்றைக்கு அந்த அவநம்பிக்கைதான் என்னைக் காப்பாற்றியது.

கடையின் விதி எளிமையானது. தேதிக்குத் தேதி ஒரு மாதம். முழு மாதங்கள் போக மிச்சம் 15 நாள் வரை இருந்தால் அரை மாத வட்டி, 16ஆம் நாள் ஆகிவிட்டால் முழு மாத வட்டி. அந்த அம்மா இரண்டு வளையல்களை வைத்து 40,000 ரூபாய் வாங்கியிருந்தார். ஒரு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். மாதத்துக்கு 400 ரூபாய் ஆகிறது. ஐந்தரை மாதம் என்றால் 2,200, ஆறு மாதம் என்றால் 2,400. சண்டை அந்த 200 ரூபாய்க்குத்தான்.

போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அந்த அம்மாவின் குரல் கோபமில்லாமல், ஆனால் அசையாமல் வந்தது. "பங்குனி ஒன்றாம் தேதி வைத்தேன் தம்பி. இன்றைக்கு ஆவணி பதின்மூன்று. ஐந்து மாதம், பன்னிரண்டு நாள். ஆறாவது மாதம் எங்கிருந்து வந்தது?"

மாமாவின் பேரேட்டில் மார்ச் 14 என்று இருந்தது. மார்ச் 14இலிருந்து ஆகஸ்ட் 14 வரை ஐந்து மாதம், பிறகு 15 நாள். விளிம்பில் நிற்கிற கணக்கு, ஆனாலும் அரை மாதம்தான். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வண்டியில் போகும்போதே முதல் சந்தேகம் வந்துவிட்டது: இரண்டு முனைகளையும் சேர்த்து எண்ணுகிறேனோ? தேதிக் கணக்கில் எல்லோரும் முதலில் தடுக்கி விழும் கல் இதுதான். வீட்டில் ஒரு துக்கம் நடந்தால் பதினாறாம் நாள் காரியத்துக்கு இறந்த நாளையே ஒன்று என்று எண்ணத் தொடங்குவோம். ஒன்றாம் தேதி இறந்தவருக்குப் பதினாறாம் தேதி காரியம். பைத்தானிடம் அந்த இரண்டு தேதிகளைக் கொடுத்துக் கழிக்கச் சொன்னால் 15 என்று சொல்லும். அதுவும் சரி, நம் எண்ணிக்கையும் சரி. நாம் நாட்களை எண்ணுகிறோம், அது நாட்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை எண்ணுகிறது. ஆகவே கடைக்குள் நுழைந்ததும் மாமாவிடம் கேட்ட முதல் கேள்வி: வைத்த நாளைச் சேர்ப்பீர்களா, திருப்புகிற நாளைச் சேர்ப்பீர்களா?

"வைத்த நாள் உண்டு, திருப்புகிற நாள் கிடையாது."

ஒரு முனை உண்டு, ஒரு முனை இல்லை என்றால் வெறும் கழித்தலே போதும். நிரலும் அதைத்தான் செய்தது. ஒன்றரை ஆண்டுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விடை சாதகமாக வந்தது என் அதிர்ஷ்டம். ஆனால் பிழை அங்கே இல்லை.

அடுத்து தரவுதளத்தைத் திறந்து அந்தச் சீட்டின் வரியைப் பார்த்தேன். வைத்த தேதி: 2024-03-13.

அச்சான சீட்டில் 14. அடிக்கட்டையில் 14. பேரேட்டில் 14. தரவுதளத்தில் மட்டும் 13. அதற்கு மேலும் கீழும் பத்துப் பதினைந்து வரிகளைப் பார்த்தேன். எல்லாமே ஒரு நாள் முந்தி நின்றன. ஒன்றரை ஆண்டாகக் கடையின் எல்லா அடகுகளும் முந்தின நாளே வைக்கப்பட்டதாகப் பதிவாகியிருக்கின்றன, யார் கண்ணிலும் படவில்லை. ஒரு நாள் கூடினால் பெரும்பாலான கணக்குகளில் வட்டி மாறாது. 15க்கும் 16க்கும் நடுவே வந்து நிற்பவரிடமோ, சரியாக மாதம் முடிகிற நாளில் வருபவரிடமோதான் அது பல்லைக் காட்டும்.

குற்றவாளி முன்பக்கத்தில் இருந்தது. திரையில் தேதியைத் தேர்வு செய்யும் பெட்டி, மார்ச் 14 நள்ளிரவு 00:00 மணி என்ற ஒரு நேரத்தைக் கொடுக்கிறது. அது நம் நேரம். அதை எழுத்துவடிவத்துக்கு மாற்ற, டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் என்ற செயல்கூற்றை அழைத்து, வருகிற எழுத்துச் சரத்தின் முதல் பத்து எழுத்துகளை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் செயல்கூறு எப்போதும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் பதில் சொல்லும். இந்திய நேரம் யுடிசிக்கு ஐந்தரை மணி முந்தியது. நம் மார்ச் 14 நள்ளிரவு, அங்கே மார்ச் 13 மாலை 18:30. முதல் பத்து எழுத்துகள் 13ஐச் சொல்கின்றன. திருப்புகிற தேதியை மட்டும் பைத்தான் தன் கடிகாரத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டது, அது சரியாக இருந்தது. இரண்டு முனைகளும் சேர்ந்து வழுக்கியிருந்தால் வித்தியாசம் பெரும்பாலும் மாறாமலே இருந்திருக்கும், நானும் இன்றுவரை நிம்மதியாக இருந்திருப்பேன்.

இதில் ஒரு வேடிக்கை. இதே வரிகளை நியூயார்க்கில் ஓட்டினால் பிழையே வராது. அங்கே நள்ளிரவு என்பது யுடிசியில் அதே நாளின் அதிகாலை நான்கு அல்லது ஐந்து மணி. தேதி மாறாது. யுடிசிக்கு முந்திய நேரம் உள்ள ஊர்க்காரர்களுக்கு மட்டுமே இந்தக் குழி. எதிர்த்திசையில் மேற்கே இருப்பவர்களுக்கும் ஒரு குழி உண்டு: ஜாவாஸ்கிரிப்டிடம் 2024-03-14 என்று வெறும் தேதியைக் கொடுத்தால் அதை யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். அதையே உள்ளூர் நேரத்தில் காட்டும்போது அமெரிக்காவில் 13ஆம் தேதி இரவு என்று வரும்.

திருத்தம் சிறியது. ஆண்டு, மாதம், நாள் ஆகிய மூன்றையும் உள்ளூர் நேரப்படி தனித்தனியாகக் கேட்டு வாங்கி நானே கோத்துக்கொண்டேன். மாதத்தோடு ஒன்றைக் கூட்ட மறக்கக் கூடாது, ஜாவாஸ்கிரிப்டுக்கு மார்ச் என்பது 2. நாளை ஒன்றிலிருந்தும் மாதத்தைச் சுழியத்திலிருந்தும் எண்ணும் இந்த வழக்கம் 1995இல் ஜாவா என்ற இன்னொரு மொழியிலிருந்து அப்படியே வந்தது. ஜாவா பிறகு திருந்தி 2014இல் நேரக் கணக்குக்கான புதிய நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்டின் பழைய தேதி வசதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பழைய வரிகளைச் சரிசெய்வதுதான் உண்மையான வேலை. எல்லா வரிகளுக்கும் ஒரு நாள் கூட்டிவிட்டால் போதும் என்று தோன்றியது. கை விசைப்பலகைக்குப் போகும் முன் கணக்குப்பிள்ளை குறுக்கிட்டார். "சிலதை நான் ஏற்கெனவே மாற்றிவிட்டேன் சார். திருத்துகிற பக்கத்தில் ஒரு நாள் குறைவாகத் தெரிந்தது. ஒரு நாள் தள்ளிப் போட்டேன், சரியாக நின்றது." மனிதர் பிழையைக் கண்டுபிடித்து, மாற்றுவழியும் கண்டுபிடித்து, அதை யாரிடமும் சொல்லாமல் பிழைத்து வந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தாராம். குருட்டுத்தனமாக எல்லாவற்றுக்கும் ஒரு நாள் கூட்டியிருந்தால் அவர் சரிசெய்து வைத்த வரிகளை நான் கெடுத்திருப்பேன். ஆகவே தரவுதளத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, அடிக்கட்டைக் கட்டுகளை மேசையில் பரப்பி, இரண்டு மாலைகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். அவர் வாசிக்க, நான் டிக் போட்டேன்.

2023 பிப்ரவரிக்கு முந்தைய வரிகள் எல்லாம் சரியாகவே இருந்தன. அவை பிரவுசர் வழியாக வரவில்லை, மாமாவின் எக்செல் தாள்களிலிருந்து பைத்தான் வழியாக ஏறியவை. அங்கேயும் நான் வழுக்காமல் இல்லை, அன்றைக்கே பிடிபட்டது என்பதுதான் வித்தியாசம். எக்செல் தேதியை ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கும். 2023 ஜனவரி 31 என்பது அதற்கு 44957. 1900 ஜனவரி 1இலிருந்து எண்ணுகிறது என்று எங்கோ படித்த நினைவில், அந்தத் தேதியோடு 44957ஐக் கூட்டினேன். பிப்ரவரி 1 மாலை பட்டியலைத் திறந்தால், நாளைய தேதியில் ஒருவர் மோதிரம் வைத்திருந்தார்.

இரண்டு நாள் கூடுதல். ஒரு நாள் எங்கே போனது என்பது உடனே புரிந்தது: எக்செலுக்கு 1900 ஜனவரி 1 என்பது சுழியம் அல்ல, ஒன்று. பதினாறாம் நாள் காரியக் கணக்குதான். இரண்டாவது நாள்தான் அபூர்வம். எக்செல் 1900ஐ லீப் ஆண்டாகக் கொண்டு, வராத ஒரு பிப்ரவரி 29க்கு 60 என்ற எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறது. 100ஆல் வகுபடும் ஆண்டு 400ஆலும் வகுபட்டால்தான் லீப். 2000 லீப், 1900 இல்லை. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய கணக்குத்தாள் நிரலில் இருந்த இந்தப் பிழையை, அதன் கோப்புகள் அப்படியே திறக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே 1900 மார்ச்சுக்குப் பிந்தைய தேதிகளுக்கு 1899 டிசம்பர் 30ஐ அடியாக வைத்துக் கூட்ட வேண்டும். பார்த்தால் விசித்திரமான தேதி, ஆனால் கணக்கு நேராகிவிடும்.

அடிக்கட்டைகளைப் புரட்டும்போது இன்னொரு பழைய பாவமும் வெளியே வந்தது. 2023 மார்ச் 1 அன்று அச்சான ஒரு வட்டிச் சீட்டு. அதில் காலம்: "1 மாதம் -2 நாள்".

கணக்குப்பிள்ளை அதை எடுத்து மாமாவிடம் காட்டினார். மாமா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இரண்டு நாளைக்கு நாம் அவருக்கு வட்டி கொடுக்க வேண்டுமா?" என்றார்.

இதன் பூர்வகதை இது. முதல் வாரத்தில் நான் மொத்த நாட்களை 30ஆல் வகுத்து மாதம் கண்டுபிடித்தேன். டிசம்பர் 6இல் வைத்து பிப்ரவரி 6இல் திருப்பியவருக்கு 62 நாள், இரண்டு மாதம் இரண்டு நாள், ஆக இரண்டரை மாத வட்டி என்றது நிரல். தேதிக்குத் தேதி இரண்டு மாதம்தானே என்று மாமா அன்றைக்கே தலையில் குட்டினார். உடனே பள்ளிக்கூடக் கழித்தல் முறைக்கு மாறினேன். மாதத்திலிருந்து மாதத்தைக் கழி. நாளிலிருந்து நாளைக் கழி. நாள் போதவில்லையென்றால் ஒரு மாதத்தைக் கடன் வாங்கு, முந்தைய மாதத்துக்கு எத்தனை நாளோ அத்தனையைச் சேர். ஜனவரி 31இலிருந்து மார்ச் 1க்கு இதைப் போட்டுப் பாருங்கள். மாதம் இரண்டு. நாள் 1 கழித்தல் 31, அதாவது -30. ஒரு மாதம் கடன் வாங்கினால் பிப்ரவரிக்கு இருப்பது 28 நாள். -30உடன் 28ஐக் கூட்டினால் -2. கடன் கொடுத்தவனிடமே காசு இல்லை.

நான் மட்டும் விழுந்த குழி இல்லை இது. எக்செலின் டேட்டிஃப் சூத்திரத்தில் மிச்ச நாளைக் கேட்கும் வகைக்கு, குறை எண்ணோ தவறான எண்ணோ வரலாம் என்று மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கமே எச்சரிக்கிறது.

கழித்தலை விட்டுவிட்டுக் கூட்டலுக்குப் போவதுதான் வழி. தொடக்கத் தேதியோடு ஒரு மாதம், இரண்டு மாதம் என்று கூட்டிக்கொண்டே போய், இறுதித் தேதியைத் தாண்டாத கடைசி இடத்தில் நின்று, அங்கிருந்து மிச்ச நாட்களை எண்ண வேண்டும். ஜனவரி 31க்கு ஒரு மாதம் கூட்டினால் 31 இல்லாததால் பிப்ரவரி 28. அங்கிருந்து மார்ச் 1 வரை ஒரு நாள். ஒரு மாதம், ஒரு நாள். பைத்தானில் டேட்யுடில் நூலகத்தின் ரிலேட்டிவ்டெல்ட்டா இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு முறையும் தொடக்கத் தேதியிலிருந்தே கூட்ட வேண்டும் என்பதில் கவனம் தேவை. ஜனவரி 31க்கு இரண்டு மாதம் கூட்டினால் மார்ச் 31. ஒரு மாதம் கூட்டி, வந்த விடையோடு இன்னொரு மாதம் கூட்டினால் மார்ச் 28. மூன்று நாள் காற்றில் போய்விடும்.

இதிலும் ஒரே விடை என்று ஒன்று இல்லை. 2023 ஜனவரி 31இலிருந்து பிப்ரவரி 28 வரை எவ்வளவு? ரிலேட்டிவ்டெல்ட்டா ஒரு மாதம் என்கிறது. ஜாவாவின் நேர நூலகத்தில் உள்ள பீரியட், 28 நாள் என்கிறது. யார் சரி என்று மாமாவிடம் கேட்டேன். "கடைசித் தேதியில் வைத்தால் கடைசித் தேதியில் மாதம் முடிந்தது. இதில் என்ன கேள்வி?" என்றார். நம் கடைக்கு ரிலேட்டிவ்டெல்ட்டா என்று அன்றே முடிவாகிவிட்டது. ஒரு கேள்வி பாக்கி: ஏப்ரல் 30இல் வைத்தால் மே 30ஆ, மே 31ஆ? "முப்பதுக்கு முப்பது" என்றார். ஏப்ரல் 30உம் கடைசித் தேதிதானே என்று வாயெடுத்தேன், பேரேட்டைக் காட்டினார். முப்பது ஆண்டாக அப்படித்தான் எழுதியிருக்கிறார். நல்லவேளையாக நூலகமும் அப்படியே செய்கிறது.

நூலகங்களை நம்பி மூக்குடைந்தவன் என்பதால் இந்த வளையல் விவகாரத்துக்குப் பிறகு ஓர் இரவு நாள் எண்ணும் சூத்திரத்தை என் கையாலேயே எழுதிப் பார்த்தேன். இதில் ஒரு அழகான தந்திரம் இருக்கிறது. ஆண்டை ஜனவரியில் தொடங்காமல் மார்ச்சில் தொடங்க வேண்டும். அப்போது தொல்லை பிடித்த பிப்ரவரி கடைசிக்குப் போய்விடும், லீப் நாள் ஆண்டின் கடைசி நாளாகிவிடும், நடுவில் எதையும் கலைக்காது. விரல் முட்டியில் மாதம் எண்ணத் தெரிந்தவர்களுக்கு மீதி எளிது. மார்ச்சிலிருந்து ஜூலை வரை 31, 30, 31, 30, 31. மொத்தம் 153. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை அதே வரிசை, அதே 153. மார்ச்சைச் சுழியம் என்று வைத்து, மாத எண்ணை 153ஆல் பெருக்கி, 2 கூட்டி, 5ஆல் வகுத்து, பின்னத்தைத் தள்ளிவிட்டால், அந்த மாதத்துக்கு முன் கடந்துபோன நாட்கள் கிடைக்கும். ஏப்ரலுக்கு 31, மே மாதத்துக்கு 61, ஜூனுக்கு 92 என்று பிசகாமல் வருகிறது.

அந்த அம்மாவின் வளையலைப் போட்டுப் பார்த்தேன். மார்ச் 14: 0 கூட்டல் 14, ஆக 14. ஆகஸ்டின் எண் 5. 5 பெருக்கல் 153, 765. 2 கூட்டினால் 767. 5ஆல் வகுத்தால் 153. அதோடு 29, ஆக 182. வித்தியாசம் 168 நாள். ஏழால் வகுத்தால் சரியாக 24 வாரம். மார்ச் 14உம் வியாழன், ஆகஸ்ட் 29உம் வியாழன். கிழமை பொருந்தினால் கணக்கு நேர் என்று நம்பலாம். தேதிக் கணக்கில் சந்தேகம் வந்தால் நான் இப்போதெல்லாம் முதலில் கிழமையைத்தான் பார்க்கிறேன்.

இந்தக் கதையை நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன் மகளிடம் சொன்னபோது, தன் நிரலில் ஒரு நாள் குறைகிறது என்றாள். அவள் இரண்டு நள்ளிரவுகளைக் கழித்து, வரும் மில்லிவினாடிகளை ஒரு நாளுக்குரிய 8,64,00,000ஆல் வகுத்து, பின்னத்தைத் தள்ளிவிடுகிறாள். நம் ஊரில் இது ஓடும். அங்கே 2024 மார்ச் 10 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அந்த நாளுக்கு 23 மணி நேரம்தான். 23ஐ 24ஆல் வகுத்துப் பின்னத்தைத் தள்ளினால் சுழியம். அன்றைய நாள் நடக்கவே இல்லை என்றாகிவிடுகிறது. இரண்டு தேதிகளையும் யுடிசி நள்ளிரவாக உருவாக்கிக் கழிக்கச் சொன்னேன், சரியானது. இந்தியாவில் இந்தத் தொல்லை இல்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். பிறகு நேர மண்டலத் தரவைப் புரட்டினால், இரண்டாம் உலகப் போரின்போது இங்கேயும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறார்கள், 1945 அக்டோபர் வரை. 1906க்கு முன் சென்னைக்கென்றே ஒரு நேரம் இருந்தது, யுடிசிக்கு 5 மணி 21 நிமிடம் 10 வினாடி முந்தி. அடகுக் கடைக்குத் தேவையில்லை. ஆனால் தாத்தாவின் பிறந்த நேரத்தை வைத்து நிரல் எழுதுகிற ஜோதிட நண்பர்களுக்குத் தேவைப்படும்.

நிரலில் கடைசியாகத் திருத்தியது, ஓராண்டு தாண்டிய அடகுகளின் பட்டியல். அதை மைஎஸ்க்யூஎல்லில் தேதிகளைக் கழிக்கும் டேட்டிஃப் என்ற செயல்கூற்றைக் கொண்டு எழுதியிருந்தேன். அதில் இறுதித் தேதி முதலில், தொடக்கத் தேதி பின்னால். எஸ்க்யூஎல் சர்வர் என்ற இன்னொரு தரவுதளத்தில் அதே பெயருள்ள செயல்கூறு தலைகீழ், தொடக்கம்தான் முதலில். அங்கே ஆண்டு வித்தியாசம் கேட்டால் டிசம்பர் 31க்கும் மறுநாள் ஜனவரி 1க்கும் ஒரு ஆண்டு என்று சொல்லும். அது தாண்டிய எல்லைகளை எண்ணுகிறது, கழிந்த காலத்தை எண்ணுவதில்லை. என் பட்டியலில் வரிசை சரியாக இருந்தது, ஆனால் 365 நாள் என்று எழுதி வைத்திருந்தேன். 2024 பிப்ரவரி 29ஐத் தாண்டியவர்கள் எல்லோருக்கும் ஏல எச்சரிக்கைக் கடிதம் ஒரு நாள் முன்னதாகப் போயிருக்கிறது. அதையும் தேதிக்குத் தேதி என்று மாற்றினேன்.

அடிக்கட்டைச் சரிபார்ப்பில், அரை மாத வட்டி கூடுதலாகக் கொடுத்தவர்கள் பதினொரு பேர் அகப்பட்டார்கள். மாமா ஒவ்வொருவருக்கும் ஆள் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தொகை என் கணக்கில் பற்று எழுதப்பட்டிருக்கிறது, பேரேட்டில், சிவப்பு மையில்.

வளையலுக்கு வந்த அம்மா 2,200 கட்டித் திருப்பிக்கொண்டு போனார். போகும்போது மாமாவிடம் ஒன்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்: சீட்டில் தமிழ்த் தேதியும் போட்டால் என்ன? மாமாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. அவருடைய அப்பா காலத்துப் பேரேடுகளில் அப்படித்தான் இருக்கிறதாம்.

சரி என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். தமிழ் மாதம் சூரியன் ராசிக்குள் நுழைகிற கணத்தில் பிறக்கிறது. நுழைவது சூரியன் மறைந்த பிறகு என்றால் மறுநாள்தான் ஒன்றாம் தேதி. மாதத்துக்கு 29 நாளும் வரும், 32 நாளும் வரும், அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 153 இங்கே செல்லாது. பத்தாண்டுப் பஞ்சாங்கங்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதப் பிறப்பும் எந்த ஆங்கிலத் தேதியில் வருகிறது என்று ஒரு அட்டவணையாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். நான்கு ஆண்டுகள் முடிந்திருக்கின்றன. கணக்குப்பிள்ளை வாசிக்கிறார், நான் டிக் போடுகிறேன்.